வங்கிகள் வெளியிட்ட பழைய நோட்டு: அரியதா என்று அறிவது எப்படி?

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்தார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து, "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவருடைய பாட்டனார் கப்பலில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். பிலடெல்பியாவிலிருந்த 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' வெளியிட்ட 1,000 டாலர் நோட்டு, தேதி 1840 டிசம்பர் 15. யாரோ ஒருவர் கைப்பேசியில் பேசி, நாற்பது லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்றிருக்கிறார். அனுப்பிவிட்டார். இப்போது வரி என்று இன்னொரு தொகை கேட்கிறார்களாம். மகளின் நிக்காஹ்வுக்காக வைத்திருந்த பணத்திலிருந்து அதைக் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

நாம் நோட்டின் எண்ணைப் பார்த்தோம். 8894. மேலே பேச ஒன்றும் இருக்கவில்லை.

அந்த எண்ணுள்ள 1,000 டாலர் நோட்டு உலகெங்கும் ஏராளமான வீடுகளில் இருக்கிறது. பழுப்பேறிய தோல் போன்ற மொடமொடப்பான காகிதத்தில், நினைவுப் பொருளாக விற்பதற்கென்று அச்சடிக்கப்பட்ட நகல் அது. அசலில் எண்ணையும் கையெழுத்தையும் ஒவ்வொரு நோட்டிலும் பேனாவால் எழுதுவார்கள். ஆகவே ஒரே வகை நோட்டு இரண்டில் ஒரே எண் வராது. நகலில் எல்லாவற்றுக்கும் ஒரே எண். அந்த வங்கி இருந்தது உண்மை, 1841-ல் அது நொடித்ததும் உண்மை. அவர் கையிலிருந்த காகிதம் மட்டும் உண்மையில்லை.

அவரைப் போல இன்னும் பல குடும்பங்களில் பழைய நோட்டு ஒன்றோ இரண்டோ இருக்கிறது. சென்னை, கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று நம் முன்னோர் வியாபாரத்துக்குப் போன ஊர்கள் பல. எனவே நோட்டு அரியதா இல்லையா என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நோட்டு என்பது ஒரு கடன் சீட்டு

இன்று நோட்டு வெளியிடுவது நாட்டின் மத்திய வங்கியின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படி இல்லை. கேட்கும்போது வெள்ளியோ தங்கமோ தருகிறோம் என்று எழுதி, வங்கிகளே தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டன. நம் பக்கத்தில் பேங்க் ஆஃப் பெங்கால், பேங்க் ஆஃப் பாம்பே, 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் ஆகியவை அப்படிச் செய்தன. 1861-ஆம் ஆண்டின் காகித நாணயச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. இலங்கையில் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் நோட்டு புழங்கியது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சார்ட்டர்ட் பேங்க், ஹாங்காங் அண்ட் ஷாங்காய் பேங்க் முதலியவற்றின் நோட்டுகள் கைமாறின. 1899-ல் அங்கும் அரசு நாணய ஆணையர்கள் நோட்டு வெளியிடத் தொடங்கினார்கள்.

இந்த அடிப்படையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வங்கி நோட்டு என்பது வங்கி பட்ட கடனுக்கான சீட்டு. கடனை அடைத்தவுடன் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவார்கள். வாக்குத் தவறாத வங்கியின் சீட்டுகள் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்து அழிந்துபோயிருக்கும். ஏமாற்றிய வங்கியின் சீட்டுகள் வாங்க ஆளில்லாமல் மக்களின் பெட்டிகளிலேயே தங்கிவிட்டன. ஆக, நேர்மையான வங்கியின் நோட்டு அரிதாகவும் நொடித்த வங்கியின் நோட்டு மலிவாகவும் கிடைப்பதே பெரும்பாலும் வழக்கம். வயது இதில் இரண்டாம் பட்சம்.

இலங்கையின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவை மூடியது. மக்கள் பதறிப்போனார்கள். ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த வங்கியின் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். மறு ஆண்டு அரசின் சொந்த நோட்டும் வந்தது. வங்கி நொடித்தும் நோட்டு செல்லுபடியானதால், மக்கள் அவற்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். நொடித்த வங்கி என்ற பெயரை மட்டும் கேட்டு, இதன் நோட்டுகளும் குவிந்து கிடக்கும் என்று கணக்குப் போடுபவர் தவறிவிடுவார். வங்கி என்ன ஆனது என்பதோடு நோட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவை ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு வங்கியின் நோட்டு எத்தனை அச்சாகி எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு இருந்தால்தான் அரிதா இல்லையா என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கு வங்கி வாரியாக மிக விரிவாகக் கிடைக்கும் நாடு அமெரிக்கா. எனவே முறையை அங்கே கற்றுக்கொள்வது எளிது.

அங்கே இரண்டு காலங்கள் உண்டு. முதலாவது மாநில வங்கிகளின் காலம். ஒவ்வொரு மாநிலத்திலும் சிறிதும் பெரிதுமான வங்கிகள் விருப்பம்போல் நோட்டு அடித்தன. 1865-ல் இயற்றிய சட்டம் இந்த நோட்டுகளுக்கு 10 சதவீத வரி விதித்து அதற்கு முடிவு கட்டியது. இரண்டாவது, 1863-ல் தொடங்கி 1935 வரை நடந்த 'நேஷனல் பேங்க்' நோட்டுகளின் காலம். ஊர் வங்கி ஒன்று அரசின் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடு வைக்கும். அதற்கு ஈடாக, அந்த வங்கியின் பெயரும் ஊரும் போட்ட நோட்டுகளை அரசே ஏற்பாடு செய்து கொடுக்கும். வங்கியின் தலைவரும் காசாளரும் கையெழுத்திட்டுப் புழக்கத்தில் விடுவார்கள். 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் இப்படி நோட்டு வெளியிட்டன. பெருநகரமும் உண்டு, ஒரே தெரு கொண்ட ஊரும் உண்டு.

முதல் காலத்து நோட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். நியூ ஆர்லியன்ஸ் நகரின் கனால் பேங்க் நோட்டுகள் 1840, 50-களில் அச்சானவை. படம் அழகு, காகிதம் புத்தம் புதிது போலிருக்கும். பார்ப்பவர் லட்சங்களில் விலை சொல்வார். உண்மையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவை அவை. அச்சகத்திலிருந்து வந்த தாள்கள் கையெழுத்திடப்படாமலும் எண் எழுதப்படாமலும் கட்டுக்கட்டாக வங்கியிலேயே தங்கிவிட்டன. பின்னாளில் அவை அப்படியே வெளியே வந்தன. கையெழுத்து இருக்க வேண்டிய கோடு காலியாக இருந்தால், அந்த நோட்டு கடனாகப் புறப்படவே இல்லை என்று பொருள். நூற்றெழுபது வயதான நோட்டு மலிவாகக் கிடைக்கிறது என்றால் பலரால் நம்ப முடிவதில்லை. இதை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

நேஷனல் நோட்டை வாசிக்கும் விதம்

முதலில் பார்க்க வேண்டியது ஊர். வங்கியின் பெயர் ஏமாற்றும், ஏனென்றால் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' என்ற பெயர் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்தது சார்ட்டர் எண். அரசு ஒவ்வொரு வங்கிக்கும் கொடுத்த எண் அது. பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் 1-ஆம் எண்ணைப் பெற்றது. 1935-க்குள் எண்கள் 14,000-ஐத் தாண்டின. ஆரம்ப நோட்டுகளில் இந்த எண் இருக்காது. 1874-க்குப் பிறகே அச்சிட்டார்கள். பெயரும் ஊரும் ஒன்றாக இருந்து எண் மட்டும் வேறாக இருந்தால் அது வேறு வங்கிதான்.

மூன்றாவது, எந்த வகை நோட்டு என்பது. 1882 வகையில் பின்பக்கம் பழுப்பு நிறமாக உள்ளவை உண்டு. 1902 வகையில் முதல் சில ஆண்டுகள் சிவப்பு முத்திரை, 1908-க்குப் பிறகு நீல முத்திரை. சிவப்பு முத்திரை ஓடிய காலம் குறைவு என்பதால், ஒரே வங்கியின் நீல முத்திரை நோட்டு பத்துக் கிடைக்கும் இடத்தில் சிவப்பு ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். 1929-லிருந்து நோட்டின் அளவே சிறிதாகிவிட்டது. 1, 2 டாலர் நோட்டுகள் ஆரம்ப காலத்தில் மட்டுமே இருந்தன. 1879-க்குப் பிறகு 5 டாலருக்குக் கீழே வெளியிடவில்லை.

நான்காவது, எண். நாம் மிகவும் ரசிக்கும் பகுதி இது. பெரிய அளவு நோட்டுகளில் 1925 வரை இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கருவூலத்தின் எண், மற்றது வங்கியின் எண். வங்கியின் எண் நோட்டை எண்ணுவதில்லை, தாளை எண்ணுகிறது. பொதுவாக ஒரு தாளில் நான்கு நோட்டு. நான்குக்கும் ஒரே வங்கி எண், பிளேட் எழுத்துதான் வேறு. ஓர் ஊர் வங்கியின் 5 டாலர் நோட்டில் வங்கி எண் 1200 என்று வைத்துக்கொள்வோம். நான்கும் 5 டாலராக உள்ள தாள் என்றால், அந்த வகையில் அதுவரை 1,200 தாள், அதாவது 4,800 நோட்டு அச்சாகியிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே போடக்கூடிய கணக்கு இது.

1929-க்குப் பிந்திய சிறிய நோட்டில் தாளுக்கு ஆறு நோட்டு. முதல் வகையில் எண்ணுக்கு முன்னால் A முதல் F வரைக்குமான ஆங்கில எழுத்துகளான ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஆகியவற்றில் ஒன்று வரும். எனவே '1-ஆம் எண் நோட்டு, உலகில் ஒன்றே ஒன்று' என்று யாராவது சொன்னால், அந்த வகையில் அதே வங்கிக்கு அதே மதிப்பில் ஆறு 1-ஆம் எண் உண்டு என்று சொல்லுங்கள். 1933-க்குப் பிந்திய இரண்டாம் வகையில்தான் ஒவ்வொரு நோட்டுக்கும் தனி எண் வந்தது. சார்ட்டர் எண்ணையும் கூடுதலாக இரண்டு இடங்களில் அச்சிட்டார்கள்.

அச்சானது எத்தனை, மிஞ்சியது எத்தனை?

அச்சான எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறு நேரும். இந்த நோட்டுகளுக்கு அரசின் ஈடு இருந்தது. வங்கி மூடினாலும் பணம் கிடைத்தது. 1874-லிருந்து ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டுத் தொகையில் 5 சதவீதத்தை மீட்பு நிதியாகக் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது. கசங்கிய நோட்டுகள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்து அழிக்கப்பட்டன. 1935-ல் ஈட்டுப் பத்திரங்களையே அரசு திரும்ப எடுத்துக்கொண்டதோடு கதை முடிந்தது. ஆகவே முந்நூறு நோட்டு வெளியிட்ட வங்கியில் ஐந்து மிஞ்சியிருக்கலாம். மூன்று லட்சம் வெளியிட்ட வங்கியில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். குறிப்பாக 1880-களிலேயே மூடிய வங்கி என்றால், அதன் நோட்டுகள் ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

மிஞ்சியவற்றைக் கண்டறிய ஒரே வழி எண்ணுவதுதான். ஏலப் பட்டியல், அருங்காட்சியகம், சேகரிப்பாளர்களின் கைப்பிரதி என்று எங்கே ஒரு நோட்டைக் கண்டாலும் அதன் வங்கி, வகை, எண் மூன்றையும் குறித்துவைக்கும் வேலையைச் சிலர் ஆயுள் முழுதும் செய்தார்கள். ஜான் ஹிக்மன், டீன் ஓக்ஸ் இருவரும் 1982-ல் வெளியிட்ட பட்டியல் நூல் இப்படிப் பிறந்தது. டான் கெல்லியும் அதே பணியைத் தொடர்ந்தார். எண்ணைக் குறிப்பது ஏன் என்றால், ஒரே நோட்டு மூன்று ஏலத்தில் வந்தால் மூன்று நோட்டாகக் கணக்கில் ஏறிவிடக் கூடாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைத் தனித்தனியே சரிபார்க்கும் பெரியவர்களின் உழைப்பு நமக்கு நினைவுக்கு வந்தது.

இந்தக் கணக்கெடுப்பில் கண்டது சுவையானது. ஹவாய் என்றதும் நமக்குத் தூரத்துத் தீவு, எனவே அரிது என்று தோன்றும். ஹொனலூலுவின் பெரிய வங்கி நிறைய வெளியிட்டதால், அதன் நோட்டுகள் போதுமான அளவு மிஞ்சியிருக்கின்றன. அதே ஹவாயில் மாவி தீவின் லஹைனா, வைலுக்கு போன்ற சிற்றூர் வங்கிகளின் நோட்டு கண்ணில் படுவதே அபூர்வம். மாநிலத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, வங்கியைப் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்புக்கும் குறை உண்டு. பதிவானது என்றால் பார்த்தவர்கள் பதிந்தது, அவ்வளவே. ஒரு நோட்டுகூடப் பதிவாகாத வங்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாளையே ஒரு பழைய வீட்டின் பெட்டியிலிருந்து பத்து நோட்டு வெளியே வந்தால், 'மூன்றே மூன்று' என்று நேற்று விலை கொடுத்தவரின் நிலை பரிதாபம். எனவே 'தெரிந்தவரை இத்தனை' என்று சொல்பவரை நம்புங்கள். 'உலகிலேயே ஒன்றுதான்' என்று அடித்துச் சொல்பவரிடம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

அரிதானதெல்லாம் விலையும் பெறும் என்று நினைப்பதும் தவறு. வாங்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் இதை வாங்குபவர்களில் பலர் தங்கள் சொந்த ஊரின் நோட்டைத் தேடுபவர்கள். ஊர்ப்பற்றே விலை. அதனால் ஆள் மோதும் ஊரின் 5 டாலர் நோட்டு, யாரும் கேட்காத ஊரின் 100 டாலர் நோட்டை விட அதிக விலைக்குப் போகலாம். நோட்டின் நிலையும் பேசும். கழுவி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு 'புதிதாக்கிய' நோட்டை விவரமறிந்தவர் வெளிச்சத்தில் பிடித்தவுடன் கண்டுகொள்வார்.

நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது

நம் பக்கத்து நோட்டுக்கும் கேள்விகள் இவையே. கடன் பட்டது யார்? எந்த ஊரில் பணம் தருவதாக எழுதியிருக்கிறது? பினாங்கில் தருவதாக எழுதிய நோட்டும் ஹாங்காங்கில் தருவதாக எழுதிய நோட்டும் ஒரே வங்கியுடையதாக இருந்தாலும் ஒன்றல்ல. கையெழுத்தும் எண்ணும் உண்டா? நோட்டுக்குப் பணம் கிடைத்ததா, நின்றுபோனதா? பேங்க் ஆஃப் மெட்ராஸ் மக்களுக்குப் பணம் கொடுத்த வங்கி. எனவே அதன் உண்மையான நோட்டு மிஞ்சியிருந்தால் அது பெரிய செய்தி. அதனாலேயே நகலோ என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய் நோட்டுகளைப் பலர் 'பழைய வங்கி நோட்டு' என்று கொண்டு வருகிறார்கள். அவை அரசோ ரிசர்வ் வங்கியோ பெருமளவில் அடித்தவை, இந்தக் கட்டுரையின் கணக்கில் சேராதவை.

786 என்று முடியும் ரூபாய் நோட்டைப் பற்றியும் கேட்கிறீர்கள். எண் வரிசையில் அதுவும் ஒரு எண். ஆயிரம் எண்ணுக்கு ஒருமுறை வரும். அதற்கு மார்க்கத்தில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, அரிதும் இல்லை. மேலும், காகித நாணயத்துக்குத் தங்கம் வெள்ளியின் சட்டங்களே பொருந்தும் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. செல்லுபடியாகும் பத்து ரூபாயை ஐந்நூறு ரூபாய்க்கு விற்பவர் முதலில் ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கொழிந்த வங்கி நோட்டு நாணயமாக இல்லை, பண்டமாகிவிட்டது. அதை விற்கும்போது நகலாக இருந்தால் நகல் என்றும், ஒட்டியிருந்தால் ஒட்டியது என்றும் சொல்லியாக வேண்டும்.

பழைய நோட்டை வாங்குகிறோம் என்று சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்கள் பெருகியதால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. தாங்கள் அப்படிப்பட்ட எந்த வேலையிலும் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வாங்குபவர் பணம் கொடுப்பார், விற்பவரிடம் கேட்க மாட்டார். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அந்தச் சகோதரரையும் அன்று மஃரிபுக்கு முன்பே அழைக்கச் சொன்னோம். இரண்டாவது தொகை அவரிடமே இருக்கிறது.

அசலாக இருக்கக்கூடும் என்று தோன்றும் நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், மடிப்பை நீக்க முயலாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். இரு பக்கமும் படமெடுத்து, பாட்டனார் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.